தொலைந்து போனதுதான் விற்கும்

லெகோ மினிஃபிகர் வியாபாரத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எது அரிது?" என்றுதான். இங்கிலாந்தின் வாரக்கடைசிப் பொம்மைச் சந்தைகளில் மேசை போட்டு, நாலு சென்டிமீட்டர் உயரப் பிளாஸ்டிக் ஆட்களை விற்றுப் பிழைக்கிறவன் நான். அரிதான ஆட்கள் என் பெட்டியில் வருடக்கணக்கில் தூங்கியிருக்கிறார்கள். லட்சக்கணக்கில் வார்த்துத் தள்ளிய சாதாரணச் சிப்பாய்கள் காலைப் போணியிலேயே கைநிறையப் போயிருக்கிறார்கள். உலகத்தில் குறைவாக இருப்பது மட்டும் ஒரு பொம்மையை விற்றுக் கொடுத்துவிடாது. அது இல்லாததால் யாருக்காவது ஏதோ ஒன்று முடியாமல் நிற்க வேண்டும். எது முடியாமல் நிற்கிறது என்று மோப்பம் பிடிப்பதில்தான் இந்தத் தொழிலின் முக்கால் பங்கு இருக்கிறது.

கை கால் அசையும், தலை உடல் கால் என்று கழற்றி மாட்டக்கூடிய இந்த ஆள் டென்மார்க்கின் பில்லுண்டில் 1978ல் பிறந்தவர். வடிவமைத்தவர் யென்ஸ் நியூகோர் க்னூட்சன், 2020ல் காலமானார். முதல் பத்து வருடம் எல்லோருக்கும் ஒரே மஞ்சள் முகம், இரண்டு புள்ளிக் கண், ஒரு சிரிப்பு. 1989ல் கடற்கொள்ளையர்கள் வந்தபோதுதான் தாடி, கண்பட்டை, கொக்கிக் கை, கட்டைக் கால் எல்லாம் முளைத்தன. 1999ல் ஸ்டார் வார்ஸ் உரிமம் கிடைத்தது. அதுவரை போலீஸ்காரர், தீயணைப்பு வீரர் என்று பொதுவாக இருந்தவர்கள், அதற்குப் பிறகு இன்ன படத்தின் இன்ன பாத்திரம் என்று பெயரோடு வரத் தொடங்கினார்கள். பெயர் வந்ததும் தேடுவது சுலபமாயிற்று, விலை வைப்பதும் சுலபமாயிற்று. எங்கள் மேசைகளுக்கு அஸ்திவாரம் போட்டது அந்த வருடம்தான்.

ஆனாலும் என்னிடம் மிக நிதானமாகப் பேரம் பேசி, மிகத் திருப்தியாக வாங்கிப் போகிறவர்கள் பெயரில்லாத ஆட்களைத் தேடி வரும் ஐம்பது வயதுக்காரர்கள். எண்பதுகளில் சிறுவர்களாக இருந்தவர்கள். அவர்கள் கேட்பது பழைய விண்வெளி வீரர்களை. சிவப்பும் வெள்ளையும் முதலில் வந்தவை, மறு வருடம் மஞ்சள், 1984ல் நீலமும் கறுப்பும். நெஞ்சில் பொன்னிறக் கோளும் அதைச் சுற்றும் சிவப்பு விண்கலமும் அச்சிட்டிருக்கும். குழந்தை விரல் பட்டே அந்தப் பொன் தேய்ந்துவிடும். பொன் பளிச்சென்று இருக்கிற ஆளுக்கும் பாதி தேய்ந்த ஆளுக்கும் விலையில் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம்.

விஷயம் தெரிந்தவர் நெஞ்சைப் பார்ப்பதற்கு முன்பே ஹெல்மெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்புவார். பழைய ஹெல்மெட்டில் தாடைக்குக் கீழே ஒரு பட்டை வரும். அதை மெல்லிசாக வார்த்துவிட்டார்கள். நாலு தடவை தலையில் அழுத்தி மாட்டினால் நடுவில் உடையும். உடையாத வீடே இருந்திருக்காது. 2014ல் வந்த லெகோ மூவியில் பென்னி என்ற நீல விண்வெளி வீரனுக்குப் பட்டை உடைந்த ஹெல்மெட்டே மாட்டியிருந்தார்கள். கடையில் விற்ற பென்னி பொம்மைக்கும் உடைந்த வடிவத்திலேயே ஹெல்மெட் வார்த்தார்கள். தியேட்டரில் அப்பாக்கள் சிரித்ததற்குக் காரணம் பிள்ளைகளுக்குப் புரிந்திருக்காது. எங்களுக்குப் புரிந்தது. உடையாத ஹெல்மெட்டுக்காக மட்டும் முழு ஆளையும் வாங்கி, உடலைத் திருப்பி என்னிடமே விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த கூட்டம் படை சேர்ப்பவர்கள். ஸ்டார் வார்ஸ் குளோன் சிப்பாய், ரோமானியச் சிப்பாய், கோட்டைக் காவலன் என்று ஒரே ஆளைப் பத்து, இருபது, ஐம்பது என்று வாங்குவார்கள். ஒருமுறை ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் மகனோடு வந்து நின்றார். பையன் நீலக்கோட்டுக் குளோன் ஒன்றை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

"அண்ணை, வீட்டில இதே ஆள் ஒரு பெட்டி நிறையக் கிடக்கு. எல்லாம் ஒரே முகம்தானே, ஒண்டு காணாதே?"

நான் வாய் திறப்பதற்குள் பையன் சொன்னான்: "இருவத்திமூண்டுதான் அப்பா இருக்கு. இன்னும் ஒண்டு வந்தாத்தான் வரிசை சரியாகும்."

இதற்கு மேல் விற்பனைப் பேச்சு ஒன்று தேவையா? நாலு வரிசை, வரிசைக்கு ஆறு. படை சேர்ப்பவருக்குச் சின்னக் கீறல் பெரிதில்லை. எல்லா ஆளும் ஒரே அச்சாக இருக்க வேண்டும் என்பதுதான் கவலை. 2020ல் லெகோ வெளியிட்ட 501வது படைப்பிரிவுப் பெட்டியில் நான்கு நீலக்கோட்டுச் சிப்பாய்கள் இருந்தார்கள். ரசிகர்கள் வெகு காலம் கேட்டுக் கேட்டு வந்த பெட்டி அது. வெளியான வேகத்தில் தீர்ந்துபோனது. இதில் வேடிக்கை என்னவென்றால், எண்ணிக்கையில் பார்த்தால் அது அரிதே இல்லை. ஒரே ஆளுக்கு ஐம்பது வேண்டும் என்கிறபோது எவ்வளவு வார்த்தாலும் போதவில்லை. 2012ல் தனித்தனிப் பையில் விற்ற மினிஃபிகர் வரிசையின் ஆறாவது தொடரில் வந்த ரோமானியச் சிப்பாயின் கதை இன்னும் நல்லது. அவன் உள்ளே யார் என்று தெரியாத மூடிய பையில் வந்தவன். கடையில் பை பையாக வாங்கி யாரும் ரோமாபுரிப் படை திரட்ட முடியாது. எங்களிடம்தான் வந்தாக வேண்டும்.

மூடிய பை என்றேனே, அது தனி உலகம். 2010ல் முதல் தொடர் வந்தபோது பிரிட்டனில் பை ஒன்று 1.99 பவுண்டு. ஒரு தொடருக்குப் பதினாறு பேர். முதல் இரண்டு தொடர்களில் பையின் பின்பக்கப் பார்கோடே ஆளைக் காட்டிக் கொடுத்தது. பிறகு அதை மாற்றினார்கள். அதற்குப் பிறகு பெரிய ஆட்களெல்லாம் கடை அலமாரி முன்னால் நின்று, கண்ணை மூடிக்கொண்டு பையைத் தடவி, உள்ளே இருப்பது வாளா கேடயமா என்று விரலால் படிக்கத் தொடங்கினார்கள். நானும் நின்றிருக்கிறேன், விரலுக்குப் பழக்கம் வந்துவிட்டால் ஸ்பார்ட்டன் வீரனின் தொப்பிக் கொண்டை தப்பவே தப்பாது. 2023 செப்டம்பரில் பை போய் அட்டைப்பெட்டி வந்தது. தடவல் முடிந்தது; பெட்டியின் அடியில் அச்சிட்ட குறியீட்டைக் கைப்பேசியில் படித்து ஆளைக் கண்டுபிடிக்கும் செயலிகள் வந்தன. தொடருக்குப் பதினாறு என்பது பன்னிரண்டாகச் சுருங்கிவிட்டது, விலை ஏறக்குறைய இருமடங்காகிவிட்டது. வாங்குகிற மனசு மட்டும் மாறவில்லை. பன்னிரண்டு பேரும் சேர்ந்த முழுத் தொடர் மேசையில் அரைநாள் தங்காது. பதினோரு பேர் உள்ள தொடரை எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். அந்தப் பதினோரு பேரையும் உதிரியாகப் போட்டால், அவரவர் வீட்டில் இல்லாத ஒருவனை எடுத்துக்கொண்டு போவார்கள்.

இந்தத் தொடர்களில் உண்மையிலேயே அரிதானவர் 2013ல் பத்தாவது தொடரில் வந்த மிஸ்டர் கோல்ட். உலகம் முழுவதற்கும் ஐயாயிரம் பேர்தான். மேல்தொப்பி, கைத்தடி, உடம்பெல்லாம் பொன்முலாம். அவர் இல்லாமல் பத்தாவது தொடர் முழுமை ஆகாது என்று சேகரிப்பவர்கள் தாங்களே முடிவுகட்டிக்கொண்டார்கள். அதனால்தான் அவருக்கு அவ்வளவு விலை. இதோடு ஒப்பிட, நிறுவன ஊழியர்களுக்கென்றும் விழாக்களுக்கென்றும் அவரைவிடக் குறைந்த எண்ணிக்கையில் அச்சான பொம்மைகள் பல உண்டு. எந்தத் தொடரிலும் சேராததால் அவற்றைக் கேட்டு வருகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். வந்தால் நல்ல விலை, வராவிட்டால் பெட்டிக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

திரையில் என்ன ஓடுகிறது என்பது எங்களுக்குப் பஞ்சாங்கம். 2008ல் ஸ்டார் வார்ஸின் குளோன் வார்ஸ் வரிசையில் வந்த சிறுமி அசோகா வெகுநாள் சாதாரண விலையில் கிடந்தாள். 2020ல் மேண்டலோரியன் தொடரில் வளர்ந்த அசோகா தலைகாட்டினாள், 2023ல் அவள் பெயரிலேயே ஒரு தொடர் வந்தது. ஒவ்வொரு தடவையும் பழைய சிறுமிக்குக் கிராக்கி கிளம்பியது. இதில் நாள் பார்த்து விற்க வேண்டும். ட்ரெய்லர் வந்த வாரத்திலிருந்து லெகோ அதே பாத்திரத்துக்குப் புதுப் பொம்மை அறிவிக்கும் நாள் வரைதான் சூடு. அறிவிப்பு வந்த அன்று மாலையே, "புதுசு வருதாமே" என்று சொல்லிக்கொண்டே பேரம் பேசுவார்கள்.

மறுபதிப்பு பயம் எல்லாப் பொம்மைக்கும் ஒரே மாதிரி இல்லை. திரைப் பாத்திரத்தைப் புது அச்சில் போட்டால் பழையது பெரும்பாலும் இறங்கும், ஏனென்றால் வாங்குகிறவருக்கு அந்தப் பாத்திரம் இருந்தால் போதும். கோட்டைக் காலத்துப் பொம்மைகள் வேறு வழியில் போகின்றன. 2022ல் லெகோவின் தொண்ணூறாவது ஆண்டுக்காக வந்த சிங்கக் கொடிக் கோட்டையில் பழைய சின்னங்களைப் புது அச்சில் பார்த்தவர்கள், பரணில் கிடந்த தங்கள் பழைய பெட்டியை இறக்கிப் பார்த்தார்கள். ஒரு கேடயம் இல்லை, ஒரு தொப்பி இறகு இல்லை. நேரே எங்களிடம் வந்தார்கள்.

இப்படித்தான் முழு ஆளைவிட உதிரிக்கு மதிப்பு ஏறுகிறது. குழந்தைகள் தொலைக்கும் வரிசை ஒன்று உண்டு: முதலில் கைச்சாமான், பிறகு தொப்பி, பிறகு துணி அங்கி, கடைசியில்தான் தலை. உடலும் காலும் கிலோக் கணக்கில் கிடைக்கும். கார் பூட் சேல்களில் ஞாயிறு விடியற்காலை டார்ச்சோடு போய் நாங்கள் வாங்கும் கலவைப் பெட்டிகளில் கண் முதலில் தேடுவது பெட்டியின் அடியைத்தான். சின்னச் சாமானெல்லாம் அங்கேதான் இறங்கிக் கிடக்கும். ஆள்கூட இல்லாமல் ஒரு பிராணியே பேர் வாங்கிய கதையும் உண்டு. 2011ல் மில் வில்லேஜ் ரெய்டு என்ற செட்டில் ஓர் ஆடு வந்தது. அதற்குப் பிறகு நீண்ட காலம் லெகோ ஆடு போடவில்லை. பசு உண்டு, பன்றி உண்டு, ஆடு இல்லை. கிராமம் கட்டுகிறவர்களுக்கு ஆடு இல்லாத கிராமம் கிராமமாகப் படவில்லை. ஒரு விரல் நீள ஆட்டுக்கு, நல்ல புதுச் செட் ஒன்று வாங்கும் காசைக் கொடுத்தார்கள். 2024ல் ஆடு மேய்ப்பவனோடு ஒரு குட்டியும், மெடிவல் டவுன் ஸ்கொயர் செட்டில் பெரிய ஆடும் வந்த பிறகுதான் அந்த மந்தை விலை அடங்கியது.

விலை என்று எதைச் சொல்கிறோம் என்பதற்கு எங்களுக்கு ஒரு பொதுத் தராசு இருக்கிறது. 2000ல் டான் யெசெக் என்பவர் தொடங்கிய பிரிக்லிங்க் சந்தை அது. 2019ல் லெகோவே அதை வாங்கிவிட்டது. ஒவ்வொரு ஆளுக்கும் அங்கே ஓர் எண். கடந்த ஆறு மாதத்தில் எத்தனை விற்றது, சராசரி எவ்வளவு என்று யாரும் பார்க்கலாம். மேசையில் என்னிடம் பேரம் பேசுகிறவர் ஒரு கையில் பொம்மையையும் மறு கையில் அந்தப் பக்கத்தையும் வைத்திருப்பார். அதனால் ஏமாற்றவும் முடியாது, ஏமாறவும் வேண்டாம். புதியவர்கள் பார்க்கத் தவறுவது இரண்டாவது எண்ணை. சராசரி விலை நூறு பவுண்டு என்று இருக்கும்; ஆறு மாதத்தில் விற்றது இரண்டே இரண்டாக இருக்கும். பக்கத்திலேயே நாலு பவுண்டு ஆள் ஆயிரக்கணக்கில் ஓடியிருப்பான். மேசை வாடகை, பெட்ரோல், தபால் செலவு எல்லாம் நாலு பவுண்டு ஆட்களின் தோளில்தான் நிற்கின்றன.

பெரிய விலை ஆளைக் கையாள்வது தனி வித்தை. 2003ல் கிளவுட் சிட்டி என்ற ஸ்டார் வார்ஸ் செட்டில் வந்த போபா ஃபெட், எங்கள் வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். கையிலும் காலிலும் அச்சு உள்ள அந்த ஆள் அந்த ஒரு செட்டில் மட்டும்தான் வந்தார். நல்ல நிலையில் ஆயிரம் பவுண்டைத் தாண்டுவார். அப்படி ஒருவர் கைக்கு வந்தால் நான் முதலில் ஹெல்மெட்டை, பிறகு தலையைக் கழற்றுவேன். கழுத்துக் குமிழில், தலைக் குமிழில், இடுப்பின் மேல் குமிழ்களில் லெகோ என்ற பொடி எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பேன். அது இருந்துவிட்டால் மட்டும் போதாது. அசல் உடம்பில் போலி அச்சு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தொழிற்சாலை அச்சு ரப்பர் திண்டால் ஒற்றியது. நகத்தை மேலே ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போகும். வீட்டு மிஷின் அச்சில் மை மேடாக நிற்கும், நகம் தட்டும். லென்ஸ் வைத்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

அடுத்தது டார்ச். உடலின் பக்கவாட்டில், கை நுழையும் துளையிலிருந்து கீழே ஒரு மயிரிழைக் கீறல் ஓடும். சும்மா பார்த்தால் தெரியாது. உள்ளிருந்து வெளிச்சம் அடித்தால் கோடாக எரியும். அந்தக் கோடு ஒன்றுக்கு விலை பாதி. கையைக் கழற்றிக் கழற்றி மாட்டியதால் வந்தது அது. துணி அங்கியின் ஓரம் பிசிறியிருக்கிறதா, பழைய விறைப்புத் துணியா பின்னால் வந்த மென்துணியா, வெள்ளைக் கால் வெயிலில் மஞ்சளாகியிருக்கிறதா, பல்லால் கடித்த தடம் உண்டா என்று பார்த்து, குறை எதுவானாலும் சிட்டையில் எழுதி ஒட்டிவிடுவேன். குறையைச் சொல்லி விற்ற ஆள் திரும்பி வருவதில்லை. வாங்கியவர் திரும்பி வருவார்.

எங்கிருந்து வந்தது என்பதும் விலையில் சேர்த்திதான். 2024ல் கலிபோர்னியாவில் ஒரு வீட்டிலிருந்து 2,800க்கு மேற்பட்ட திருட்டு லெகோ பெட்டிகளைப் போலீஸ் எடுத்தது. சின்னது, விலை கூடியது, உடனே விற்கக்கூடியது. திருடனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பிரிக்காத புதுப் பெட்டிகளைப் பாதி விலைக்குக் கொண்டுவருகிறவரிடம் நான் வாங்குவதில்லை. "எங்கே வாங்கினீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டாலே பலர் பெட்டியை மூடிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள்.

பொம்மை வாங்க வருகிறவர்களோடு இப்போது முதலீடு செய்ய வருகிறவர்களும் சேர்ந்துவிட்டார்கள். 1987 முதல் 2015 வரை வெளிவந்த செட்டுகளை எடுத்து ஆராய்ந்த மாஸ்கோ பொருளியலாளர்கள் இருவர், பழைய செட்டுகள் ஆண்டுக்குச் சராசரியாக 11 சதவீதம் ஏறியிருப்பதாகக் கண்டார்கள். இந்த எண்ணைக் கேட்டுவிட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சராசரிக்குள் பல மடங்கு போனதும் இருக்கிறது, குப்பைக்குப் போனதும் இருக்கிறது. அந்தச் செட்டுகளை வாங்கியவர்களில் பெரும்பாலோர் பிரித்து விளையாடினார்கள், தொலைத்தார்கள். அதனால்தான் மிச்சம் இருந்தவை ஏறின. இன்று எல்லோரும் பிரிக்காமல் பரணில் ஏற்றி வைத்தால், இருபது வருடம் கழித்து எல்லோரும் ஒரே நாளில் இறக்குவார்கள். யாரும் தொலைக்காத பொம்மையை யார் தேடி வருவார்கள்?

அதனால் நான் சேர்த்து வைப்பது வேறு சரக்கு. 2011ல் நிஞ்சாகோ வந்தது. சுழல்தட்டோடு ஓர் ஆள் என்று குறைந்த விலையில் பெட்டி போட்டார்கள். பள்ளி மைதானத்தில் பையன்கள் சுழற்றி மோதி விளையாடினார்கள். ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் முகமூடி, வாள், பொன் ஆயுதம் என்று அவர்கள் தொலைக்காத சாமான் இல்லை. அன்று எட்டு வயது பையன்களுக்கு இன்று இருபத்திரண்டு, இருபத்திமூன்று. இப்போதுதான் சம்பளம் வாங்க ஆரம்பிக்கிறார்கள். இன்னும் பத்து வருடத்தில் வீடு, அலமாரி, கொஞ்சம் ஓய்வு எல்லாம் வந்துவிடும். கலவைப் பெட்டியின் அடியில் கிடக்கும் நிஞ்சா முகமூடிகளையும் வாள்களையும் இப்போது யாரும் சீண்டுவதில்லை. பத்துப் பென்சுக்கும் இருபது பென்சுக்கும் நான் அவற்றைத்தான் பொறுக்கி, நிறம் பிரித்து, எண் போட்டு வைக்கிறேன்.